விட்டுவைத்த ஒரே கொசு

லாக்கப் கம்பிகளுக்கு மேலே, பட்டப்பகலில், ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் வெயில் வாரிக் கொட்டுகிறது. பல்பு அதைக் கண்டுகொள்ளாமல் தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு சுவிட்ச் கிடையாதா சார்?" என்று கேட்டான் ஒட்டடை.

"உடைஞ்சு போச்சு," என்றார் ஸ்டேஷன் ரைட்டர், தலையைத் தூக்காமல். "நான் மாற்றலாகி வந்ததுலேர்ந்து எரியுது. ராத்திரி பகல் கிடையாது."

"அப்போ உள்ள இருக்கறவங்கள்லயே பெரிய தண்டனை இதுக்குத்தான்."

ரைட்டர் சிரிக்கவில்லை. ஒட்டடைக்கு அது பழக்கம்தான். ஆறடிக்கு வளர்ந்து, அகலத்தை மட்டும் வாங்க மறந்துவிட்டு வந்த உடம்பு அவனுடையது. பள்ளிக்கூடத்தில் வைத்த 'ஒட்டடைக் குச்சி'யில் குச்சி உதிர்ந்து, மீதி அவன் பெயராக நின்றுவிட்டது. வாழ்க்கையில் அவனிடம் நிலைத்தவை இரண்டே: இந்தப் பெயர், இந்த வேலை. துப்பறியும் நிபுணரின் உதவியாளர். கார் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, தப்பான ஆளைச் சந்தேகப்படுவது எல்லாம் அவன் இலாகா. சரியான ஆளைச் சந்தேகப்படுவது மேடத்தின் இலாகா.

மேடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கேட்டுக் கேட்டே காது கூர்மையானவர். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டபோது, அந்தக் காதையும் உடன் எடுத்து வந்துவிட்டார். ஊருக்கே அவர் மேடம்தான். வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவள் ஒரு நர்ஸ். வீட்டோடு தங்கி, பார்வை போய்ப் படுக்கையில் கிடந்த ஓர் அம்மாளைப் பார்த்துக்கொண்டவள். அந்த வீட்டில் மூன்றே பேர்: அந்த அம்மாள், அவருடைய கணவரான பெரியவர், இந்த நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வழக்கமான லீவில் தன் வீட்டுக்குப் போனவள், மறுநாள் காலை திரும்பியபோது பெரியவர் தன் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து இறந்து கிடந்தார். பின்மண்டையில் அடி. கதவு உடைபடவில்லை, பொருள் எதுவும் போகவில்லை. சாவி இருந்த ஆள் நர்ஸ். பிடித்துப் போட்டுவிட்டார்கள். நாளை கோர்ட். பெரியவருக்குப் பாலிசி கொடுத்திருந்த கம்பெனி, 'என்ன நடந்தது என்று நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள்' என்று பழைய பாசத்தில் மேடத்தை அனுப்பியிருந்தது.

"சண்டை போட்டியாமே?" என்றார் மேடம்.

"போட்டேன் மேடம். யாரு போடாம இருப்பாங்க?" நர்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என் போனை சார்ஜ் போட்டா, கால்வாசி ஏறறதுக்குள்ள வந்து புடுங்கிடுவாரு. காலைல எழுந்தா போன் செத்துக் கிடக்கும். எம் பொண்ணு ஒரு நாள் உடம்பு முடியாம கூப்பிட்டிருக்கா, எடுக்க முடியல. ஆத்திரத்துல ரெண்டு வார்த்தை சொல்லிட்டேன்."

"என்ன வார்த்தை?"

பதில் ரைட்டரிடமிருந்து வந்தது. மனப்பாடமாக வைத்திருந்தார். "'உங்க பிளக்கை நான் ஒரு நாள் புடுங்கறேன் பாருங்க.' எதிர்வீட்டுக்காரம்மா சாட்சி."

ஒட்டடைக்கு அந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிட்டது. நாக்கு தூக்கு மேடை வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும் என்பதற்கு அவனே நடமாடும் எச்சரிக்கை. கையில் சாவி, மனசில் கோபம், வாயில் மிரட்டல். வேறென்ன வேண்டும்?

"எல்லாத்தையும் விடுங்க மேடம்," நர்ஸ் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கதவைத் தொறந்து உள்ள கால் வச்சப்பவே ஏதோ தப்புன்னு பட்டுடுச்சு. வீட்டுல ஒரு கொசு கூட இல்ல. அம்மா ரூம்ல கூட இல்ல! இதைத்தான் இன்ஸ்பெக்டர்கிட்டத் தலைபாடா அடிச்சுக்கறேன். 'கொசு இல்லன்னா நல்லதுதானே'ன்னு சிரிக்கறாரு..."

"டைம் ஆச்சு," என்றார் ரைட்டர்.

"அம்மாகிட்டக் கேளுங்க! அவங்க புலம்பல மேடம், நல்ல நினைவோட இருக்காங்க!"

ரைட்டர் நாற்காலியை இழுத்த சத்தத்தில் மீதி அமுங்கிப் போயிற்று.

காரில் ஏறியதும் ஒட்டடை ஆரம்பித்தான். "கொசு இல்லாத வீடு. நான் குடியிருக்கற இடத்துக்கு வரச் சொல்லுங்க மேடம், தலைக்கு நூறு கொசு நானே தரேன். பாவம், உள்ள வச்சதுல மூளை கலங்கிடுச்சு."

"ரோட்டைப் பாத்து ஓட்டு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

"வாய் ஓடறப்ப உன் கண்ணு ஓடாது. எனக்குத் தெரியும்."

ஓட்டினான்.

*

கதவைத் திறந்தது மகன். ஒரே மகன். பெரிய கம்பெனியில் மேனேஜர். மழமழவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, துக்கத்துக்காகக் கொஞ்சம் தாழ்த்தி வைத்த குரல். ஊரின் மறுகோடியில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறார்.

"வாங்க மேடம். ரிப்போர்ட் எப்போ கிடைக்கும்?"

"பாத்துட்டுத்தான் எழுதணும்," என்றார் மேடம். "ஞாயித்துக்கிழமை நீங்க வந்தீங்களா?"

"இல்லையே. போன்ல பேசினதோட சரி. வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? அதை நினைச்சாத்தான்..." என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒட்டடைக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவனுக்கு இரக்கம் எப்போதும் கொஞ்சம் சீக்கிரமே வந்து, வெகுநேரம் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி.

சின்ன வீடு. ஹால், சமையலறை, பெரியவரின் அறை, அதை ஒட்டி அம்மாளின் அறை. ஒட்டடை சுற்றுமுற்றும் பார்த்தான். கண்ணுக்கு எட்டிய அத்தனை கருவிகளின் வயர்களும் சுவரில் ஒரு சுவிட்ச்சில் போய் முடிந்தன. அத்தனை சுவிட்ச்சும் அணைந்திருந்தன.

"சார், இந்த வீட்டுல கொசு ஜாஸ்தியா?" என்று கேட்டுவைத்தான்.

மேனேஜரின் முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. "அதைச் சொல்லிட்டாளா? அது அப்பா வச்ச பேரு. டிவியை ரிமோட்ல அணைச்சாலும் ஒரு சிவப்புப் புள்ளி எரியும் பாருங்க, அதுதான் கொசு. 'நாம தூங்கறப்ப சுவத்துல உக்காந்து ரத்தம் குடிக்குதுடா'ம்பார். டிவி, மோடம், மைக்ரோவேவ், சார்ஜர், எதையும் விட மாட்டார். படுக்கறதுக்கு முன்னால வீடு பூரா சுத்தி, ஒவ்வொண்ணையும் சுவத்துலயே அணைச்சாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். கொசு வேட்டை."

"தினமுமா?"

"தீவாளி பொங்கல்னு..." என்று ஆரம்பித்த மேனேஜர், தன் வேடிக்கைப் பேச்சை அந்த வீட்டில் பேசுவது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, நிறுத்திக்கொண்டார். "ஒரு நாள் தவறினது இல்ல. நான் சின்னவனா இருந்தப்ப அது என் டியூட்டி. ஒரு கொசு தப்பிச்சாலும் காதைத் திருகுவார். திரும்ப முதல்லேர்ந்து."

"ஆக, திங்கக்கிழமை காலைல எல்லா சுவிட்ச்சும் அணைஞ்சிருந்தது," என்றார் மேடம்.

"அங்கதான் மாட்டினா. கீழ தள்ளி, தூக்கிப் படுக்க வச்சு, அவர் தானா தூங்கப் போன மாதிரி எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போயிருக்கா. இந்த வழக்கம் தெரிஞ்ச ஆளு இந்த வீட்டுல வேற யாரு? போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன்."

ஒட்டடை பலமாகத் தலையாட்டினான். அவன் சொல்ல நினைத்ததை இவர் அழகாகச் சொல்லிவிட்டார்.

மேடம் ஆட்டவில்லை. ஹால் டிவியின் சுவிட்ச்சுக்கு முன்னால் குனிந்தார். பிறகு மோடத்தின் சுவிட்ச். பிறகு சமையலறை. ஒவ்வொரு சுவிட்ச்சும் தேய்ந்து வழவழவென்று மின்னியது. வருஷக்கணக்காக ஒரே விரல் அழுத்தி அழுத்தி அவற்றின் மேல் அச்சடித்திருந்த கோடுகூட அழிந்துவிட்டது.

அம்மாளின் அறையில் நடுப்பகலிலும் ட்யூப்லைட் எரிந்தது. நர்ஸுக்குப் பதிலாக வந்த ஆயா கட்டிலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியும் அணைக்கறதில்லைங்க," என்றாள். "அணைச்சா 'லைட்டு போயிடுச்சு, லைட்டு போயிடுச்சு'ன்னு புலம்பறாங்க. போட்டாலும் தூங்க மாட்டேங்கறாங்க. போட்டாலும் குத்தம், அணைச்சாலும் குத்தம்."

"பாவம், கண்ணும் இல்ல, இப்ப நினைவும் இல்ல," என்றார் மேனேஜர், அறை வாசலிலேயே நின்றபடி. "நான் ரூமுக்குள்ள அவ்வளவா வர மாட்டேன் மேடம். மருந்து வாடை. இங்க நின்னு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவேன்."

கட்டிலில் கிடந்தவர் ஒடுங்கிய சின்ன உருவம். முகம் மட்டும் எதையோ தேடுவதுபோல் கூரைக்கும் சுவருக்கும் அலைந்தது.

"இங்க ஒரு டிவி இருக்கே," என்றார் மேடம். கட்டிலுக்கு எதிரே இரும்பு அலமாரியின் மேல் ஒரு பழைய டிவி. அதன் பக்கத்தில் கேபிள் பெட்டி. "கண்ணு தெரியாதவங்க ரூம்ல டிவி எதுக்கு?"

"டிவியா?" மேனேஜர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஆமா, இருக்கு. நான் கவனிச்சதே இல்ல. ஹால்ல புதுசு வாங்கினப்ப பழசை இங்க தள்ளியிருப்பார். எதையும் தூக்கிப் போட மனசு வராதே."

"சரி. ஒரு பத்து நிமிஷம் நான் அம்மாகூட இருக்கேன். நீங்க எனக்குக் கொஞ்சம் காபி போட முடியுமா?"

மேனேஜர் ஆயாவைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். மேடம் ஒட்டடையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரகசியக் குரல். "அந்தக் கேபிள் பெட்டியோட சுவிட்ச் எங்க இருக்குன்னு கண்டுபிடி. கையால தொடாத. முதல்ல போட்டோ. அப்புறம் பென்சிலால அமுக்கி ஆன் பண்ணு."

"இதுல என்ன மேடம் கஷ்டம்?" என்றான் ஒட்டடை.

கஷ்டம்தான். வயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது அலமாரிக்குப் பின்னால் புகுந்து மறைந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து. வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டி, தோள்வரை உள்ளே விட்ட பிறகுதான் சுவிட்ச்போர்டு தெரிந்தது. மற்ற சுவிட்ச்சுகளுக்கு எதிர்ப்பதம் அது. பொன்னாடை போர்த்தியதுபோல் முழுக்கத் தூசி. நடுவில் மட்டும் ஒரே ஓர் இடம் துடைத்த மாதிரி; ஒரு விரல் அகலம். போட்டோ எடுத்தான். பென்சிலால் அமுக்கினான். வெளியே வந்தபோது தலையில் நிஜமாகவே ஒட்டடை.

கேபிள் பெட்டியின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி விழித்துக்கொண்டது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் அது இருக்கிற இடமே தெரியவில்லை.

கட்டிலோரம் மேடம் குனிந்து அம்மாளின் வாயருகே காதை வைத்திருந்தார். என்ன பேசினார்கள் என்று ஒட்டடைக்குக் கேட்கவில்லை. மேடம் நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்த்தவன், தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

"இன்ஸ்பெக்டருக்கு போன் போடு," என்றார் மேடம். "வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. ஹாரன் அடிக்க வேண்டாம்னு சொல்லு."

*

வெளிச்சம் மங்கும் நேரம் வரை காபியும் கேள்வியுமாக இழுத்தடித்தார் மேடம். பாலிசி எண், பெரியவரின் ரத்த அழுத்தம், மாடிப்படியின் உயரம். ஒட்டடைக்கே கொட்டாவி வந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"கடைசியா ஒண்ணு," என்றார் மேடம். "அந்தக் கொசு வேட்டை. அதை ஒரு தடவை செஞ்சு காட்டறீங்களா? எந்த வரிசைல அணைப்பார், எவ்வளவு நேரம் ஆகும்னு ரிப்போர்ட்ல எழுதணும். நர்ஸுக்கு அதுக்கு நேரம் இருந்துதான்னு கேப்பாங்க."

"எனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்குமான்னே தெரியல."

"காதைத் திருகினா மறக்குமா?"

மேனேஜர் சிரித்தார். ஒட்டடை ஓடிப்போய் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தான். மேடம் ஒவ்வொரு அறையிலும் விளக்கை அணைத்தார். இருட்டத் தொடங்கியிருந்த வீட்டில் அங்கங்கே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் முளைத்தன. இத்தனை நாள் தன் வீட்டில் இவை எல்லாம் இருந்தும் பார்த்ததில்லையே என்று ஒட்டடைக்குத் தோன்றியது. பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க முடியவில்லை.

மேனேஜர் ஆரம்பித்தார். முதலில் கொஞ்சம் தயக்கம். வாசல் பக்கம் மோடம், டக். டிவி, டக். ஸ்பீக்கர், டக். அப்புறம் கால்களே வழி சொல்ல ஆரம்பித்தன. சமையலறையில் மைக்ரோவேவ், தண்ணீர் ஃபில்டர். திரும்பும்போது, பார்க்காமலே இடது கையால் ஷெல்ஃபுக்கு அடியில் ஒரு சார்ஜர். டக். மேலே போட்ட சட்டையும் பதவியும் கழன்று, காது சிவந்த ஒரு பையன் அந்த இருட்டில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். பின்னால் வருகிறவர் கண்ணில் ஒன்றும் தப்பிவிடக் கூடாது என்ற பயத்தோடு ஓடினான். பெரியவரின் அறையில் ரேடியோ. டக். வீடு பூராவும் இருட்டு.

இல்லை. பூராவும் இல்லை. திறந்திருந்த அம்மாளின் அறைக்குள் இன்னும் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.

அந்தப் பையன் அதைப் பார்த்தான். மருந்து வாடைக்குப் பயந்து வாசலோடு நிற்கிறவர் நேராக உள்ளே போனார். இருட்டில் அலமாரியைத் தடவவில்லை, வயரைத் தேடவில்லை. பக்கவாட்டில் திரும்பி, சந்துக்குள் கையை ஒரே வீச்சில் விட்டார்.

டக்.

"லைட்டு போயிடுச்சு," என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். புலம்பல் இல்லை. தெளிவான, களைத்த குரல். "அன்னிக்கும் இப்படித்தான் போச்சு. அன்னிக்கும் நீதானா கண்ணு?"



"டிவி இருக்கறதையே கவனிச்சதில்லைன்னீங்க," என்றார் மேடம் இருட்டிலிருந்து. "என் உதவியாளுக்கு அந்த சுவிட்ச்சைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு, தலை நிறைய ஒட்டடையோட வந்தான். உங்க கைக்கு அது எங்க இருக்குன்னு யார் சொன்னது?"

மேனேஜர் சந்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"நர்ஸ்மேல பழி போடறதுக்கு நீங்க சொன்ன காரணம் ரொம்ப நல்ல காரணம் சார். அந்த வழக்கம் தெரிஞ்ச ஆளுதான் அணைச்சிருக்கணும். ஆனா அவளுக்கு இன்னொண்ணும் தெரியும். அவ அணைச்சிருந்தா இதை விட்டிருப்பா. உங்க அப்பா விட்ட மாதிரி."

"அப்பாவா?" முதல்முறையாக மேனேஜரின் குரல் உடைந்தது. "அப்பா எதையும் விட மாட்டார்."

"இதை விட்டார்," என்றார் அம்மாள். "கண்ணு போச்சு, வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். ராத்திரி முழிச்சா எனக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாம போயிடும். தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி. கத்துவேன். பெரிய லைட்டு போட்டா எல்லாப் பக்கமும் வெள்ளையாப் பரவிடும். அதுவும் இருட்டு மாதிரிதான். இந்தப் புள்ளி மட்டும் இருட்டுல நல்லாத் தெரியும். அது தெரிஞ்சா அந்தப் பக்கம் சுவரு, இந்தப் பக்கம் கதவு, நான் என் வீட்டுல இருக்கேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "'எல்லாக் கொசுவையும் அடிச்சுட்டேன். இது ஒண்ணு மட்டும் குடிச்சுட்டுப் போகட்டும், உனக்குக் காவலுக்கு இருக்கும்'னார். மூணு வருஷமா அதை அவர் தொட்டதில்ல. நீ வந்து உக்காந்திருந்தா உனக்கும் சொல்லியிருப்பேன் கண்ணு. நீதான் வாசலோட போயிடுவியே."

ஒட்டடைக்கு அப்போதுதான் எல்லாம் கண்முன் ஓடியது. தேய்ந்த சுவிட்ச்சுகள், தூசி பிடித்த ஒன்று, லாக்கப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியவள். அம்மா ரூம்ல கூட இல்ல! பெரியவரின் கஞ்சத்தனம் வரிசை தவறாமல் தெரிந்தவன் ஒருவன் வந்து போயிருக்கிறான். அந்தக் கஞ்சத்தனம் எங்கே போய் நின்றது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேனேஜர் அலமாரியில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தார். சட்டை இஸ்திரி கலைந்தது.

"தள்ளல," என்றார். "சத்தியமா நான் தள்ளல. அம்மாவை ஒரு ஹோம்ல சேர்த்துட்டு எங்ககூட வந்துடுங்கன்னு சொன்னேன். பதிலே பேசாம எழுந்து சுவிட்ச்சை அணைக்கப் போயிட்டார். நான் பேசிட்டே இருக்கேன், அவர் அணைச்சுட்டே போறார். என் வார்த்தையைவிட அந்த மோடம் பெருசு. கையைப் பிடிச்சு இழுத்தேன், இந்தப் பக்கம் திரும்புங்கப்பான்னு. வழுக்கிட்டார். மேஜை விளிம்பு. ஒரு சத்தம்தான்."

"அப்புறம்?"

"மூச்சு இல்லன்னு நினைச்சேன். தூக்கிக் கட்டில்ல போட்டேன். என்ன செய்யறதுன்னே தெரியல." இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டார். "அவர் பாதில விட்டதை முடிச்சேன். அவ்வளவுதான். மீதிக் கொசு எல்லாத்தையும் அணைச்சேன். எல்லாம் அணைஞ்சிருந்தா அவர் நல்லபடியாத் தூங்கப் போயிட்டார்னு..."

"அவர் முனகினார்," என்றார் அம்மாள்.

மேனேஜர் தலையைத் தூக்கினார்.

"அசந்து கிடந்தேன், டக்குங்கற சத்தத்துல முழிப்பு வந்துது. அப்புறம் கதவு சாத்தின சத்தம் கேட்டுது. கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ரூம்லேர்ந்து முனகல். ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டேன். லைட்டு இல்ல, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல. கட்டிலைத் தட்டினேன். யாருக்குக் கேக்கும்? ரொம்ப நேரம் முனகினார். அப்புறம் அதுவும் நின்னுபோச்சு."

ஒட்டடையின் வாயில் எந்தச் சந்தர்ப்பத்துக்கும் ஏதாவது ஒன்று இருக்கும். சாவு வீட்டில் சிரிக்க வைத்து அடி வாங்கியவன் அவன். இப்போது மகனின் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்க முடியாமல் ஹாலுக்கு வந்து, ஒருக்களித்திருந்த வாசல் கதவைத் திறந்தான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

*

ஜீப் போன பிறகு மேடம் காரின் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நர்ஸை வெளிய எடுத்துட்டு வந்துடறேன். ஆயா இந்த வீட்டுல இனி இருக்க மாட்டேன்னு கிளம்பிட்டா. நீ இங்க இரு."

"நானா? எனக்கு என்ன தெரியும் மேடம்? தண்ணி கேட்டா மேல ஊத்திடுவேன்."

"சும்மா இரு. அது போதும்."

"அதுதான் எனக்கு வராத ஒண்ணு."

மேடம் படியிறங்கிப் போனார். துப்புத் துலக்கிய நாட்களில் அவர் நடையில் ஒரு மிடுக்கு இருக்கும். இன்று ரெயிலிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஒட்டடை முதல் வேலையாக அலமாரிச் சந்தில் கையை விட்டான். இந்தத் தடவை பென்சில் இல்லை. சிவப்புப் புள்ளி வந்ததும் கட்டிலில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. ஹாலுக்கு வந்து பெரியவரின் நாற்காலியில் உட்கார்ந்தான். நடந்த ஆர்ப்பாட்டத்தில் யாரோ ஹால் டிவியின் சுவிட்ச்சைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். இன்னொரு சிவப்புப் புள்ளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு எழுந்துபோய் அணைத்தான்.

டக்.

"யாருப்பா அங்க அணைக்கறது?" உள்ளிருந்து குரல்.

"நான்தான் பெரியம்மா. ஒட்டடை."

"அப்படி ஒரு பேரா?"

"இல்ல, ஒரு குத்தச்சாட்டு. அப்படியே நிலைச்சுப்போச்சு."

சிரித்தாரா இருமினாரா என்று தெரியாத ஒரு சின்னச் சத்தம். பிறகு, "எல்லாம் அணைச்சுட்டு அவர் ஒரு தரம் இருமுவார். முடிஞ்சுது, தூங்குன்னு அர்த்தம். வாயால சொல்ல மாட்டார்."

ஒட்டடை கொஞ்சம் யோசித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு இருமினான்.

"அவர் இருமல் இப்படி இருக்காது," என்றார் பெரியம்மா. சற்றுப் பொறுத்து, "பரவால்ல," என்றார்.

வெளியே தெருவிளக்குகள் வந்துவிட்டன. அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, காலடிச் சத்தம் கேட்காமல் அறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தான். முகம் அலையவில்லை. அந்தப் புள்ளியின் பக்கமாகத் திரும்பி நிலைத்திருந்தது. கண்ணோரம் நனைந்திருந்தது.

"ஏம்ப்பா."

"சொல்லுங்க பெரியம்மா."

"அவனைக் கூட்டிட்டுப் போனாங்களே, அந்த இடத்துல ராத்திரி லைட்டு இருக்குமா? சின்னப் புள்ளைல இவர் எல்லாத்தையும் அணைச்சதும் ஓடி வந்து எம்மேல ஒட்டிக்குவான். இருட்டுன்னா அவனுக்கு ஆகவே ஆகாது."

ஒட்டடைக்கு அந்தக் குண்டு பல்பு நினைவுக்கு வந்தது. காலையில் அதை வைத்து அவன் அடித்த ஜோக்கும் நினைவுக்கு வந்தது.

"இருக்கும் பெரியம்மா," என்றான். "அங்க அணைக்கவே மாட்டாங்க."